முந்நூற்றுப் பதினேழின் இடது எஞ்சின்

பிப்ரவரி 10, திங்கள்

முந்நூற்றுப் பதினேழுக்கு ஒருவழியாக இடம் அமைந்துவிட்டது. எங்கள் மேனேஜர் ரங்கராஜ் சார் வந்ததும் வராததுமாக என் மேசைக்கு வந்து, மயூரா ஏர் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். இந்த முறை பேச்சு முறியாதாம். இந்த மாதக் கடைசியிலேயே எடுத்துக்கொள்கிறார்களாம். எனக்கு மதியம் சாப்பாடே இறங்கவில்லை.

சாயங்காலம் போனில் நாத்தனாரிடம் சொன்னேன். "அண்ணி, நீங்க ஏர்போர்ட்லயா வேலை பாக்குறீங்க?" என்றாள். எத்தனை தடவை சொன்னாலும் அவள் மண்டையில் ஏறாது. மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். எங்கள் கம்பெனி விமானங்களை வாங்கி வாடகைக்கு விடுகிறது. முதலாளிகள் அயர்லாந்தில், நாங்கள் கிண்டியில். தொழிற்சாலையிலிருந்து புத்தம் புதிதாக வந்தும், கேட்டவன் திவாலாகிவிட்டதாலோ மனசு மாறிவிட்டதாலோ பறக்காமலே நிற்கிற விமானங்கள் உண்டு. ஸ்பெயினில் மழை பெய்யாத ஒரு பொட்டல்வெளியில் அவற்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எது யாருக்குச் சொந்தம், எந்தப் பாகம் எதில் இருக்கிறது, எது யாரிடம் எப்போது போகும் என்று கண்காணிப்பது என் வேலை. "ஓஹோ, கார் பார்க்கிங் மாதிரி" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

முந்நூற்றுப் பதினேழு என்பது தொழிற்சாலை எண்ணின் கடைசி மூன்று இலக்கம். வால் மட்டும் ஊதா, மற்றதெல்லாம் வெள்ளை. உடம்பில் பெயர் எழுதுவதற்குள் கேட்ட கம்பெனி மூடிக்கொண்டது. பிறகு இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், பேசினார்கள், போனார்கள். கொரோனா சமயத்தில் சமையல்கட்டு மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அதன் சக்கரங்களை உருட்டிவிடச் சொல்லி நான் மெயில் அனுப்பியிருக்கிறேன். ஒரே இடத்தில் நின்றால் டயர் சப்பையாகிவிடும். என் பையனுக்குக்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை என்று இவர் சொல்வார்.

விமானத்தை ஒப்படைக்கும்போது உரிமையாளர் சார்பில் ஒருவர் அங்கே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அதிலேயே ஏறி வரலாம். முந்நூற்றுப் பதினேழு நேராக மீனம்பாக்கத்துக்கு வருகிறது. விமானி இரண்டு பேர், மயூரா ஆள் ஒன்றிரண்டு பேர், அவ்வளவுதான். எந்த ஜன்னலில் வேண்டுமானாலும் உட்காரலாம். விமானங்களோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் நான் ஒன்றில்கூட ஏறியதில்லை. டெல்லிக்குப் போனதே ரயிலில்தான்.

இந்த முறை நான்தான் போவேன். வேறு யார் போவது?

பிப்ரவரி 12, புதன்

வாராந்திரப் படங்கள் வந்தன. இடது எஞ்சின் உறையைச் சுற்றி ஒட்டியிருந்த டேப் வேறு நிறமாக இருந்தது. நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்த்தாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சம் இழுத்துவிட்டு உண்மையைச் சொன்னாள். பக்கத்தில் நிற்கும் முந்நூற்று இருபத்திரண்டு வேறு ஒரு கம்பெனியுடையது. அதன் எஞ்சினில் பழுது. அது இந்த மாதமே கிளம்ப வேண்டியிருப்பதால் நம்முடையதைக் கழற்றி அதில் மாட்டிவிட்டார்கள். அதன் பழுதான எஞ்சினை நம் இறக்கையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இறக்கை காலியாக இருந்தால் ஒரு பக்கம் எடை குறைந்து காற்றில் விமானம் ஆடும்.

தொழிலில் இதற்கு 'ராபரி' என்றே பெயர். கொள்ளைதான். ஆனால் எல்லா இடத்திலும் நடக்கிற கொள்ளை, அனுமதி வாங்கிக்கொண்டு செய்வார்கள். இதற்கு இன்னும் அனுமதிக் கடிதம் வரவில்லையாம், வந்ததும் அனுப்புகிறாளாம், அதற்கு வேறு எஞ்சின் வருகிறதாம், ஒப்படைப்பதற்குள் பழையபடி மாட்டிவிடுவார்களாம். எஞ்சினுக்குள் யாருக்குச் சொந்தம் என்று ஒரு சின்னத் தகடு இருக்கும். மூடியைத் திறந்தால்தான் தெரியும். யாரும் திறப்பதில்லை. தாளில் இருப்பதை இன்னொரு தாளோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம்.

வெள்ளிக்கிழமை அறிக்கையில் ஏற்றிவிட வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஜெசிந்தா போகிறாள்.

மீட்டிங்கில் ரங்கராஜ் சார் எல்லார் முன்னாலும் சொன்னார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். விசா போன மாதமே வாங்கியாச்சாம். போன மாதம்! எனக்கு எதிரே உட்கார்ந்து என் டப்பாவிலிருந்து எலுமிச்சம் சாதம் எடுத்துத் தின்றுகொண்டே விசாவுக்குப் போய் வந்திருக்கிறாள். கேட்டால், சார் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாராம்.

தூத்துக்குடிக்காரி. விமான எஞ்சினியரிங் படித்தவள். போன ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. இந்த ஒப்படைப்பு நன்றாக முடிந்தால் மார்ச்சில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முந்நூற்றுப் பதினேழின் வால் ஊதா என்று நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

ரங்கராஜ் சாரிடம் தனியாகக் கேட்டேன். வேதவல்லி மேடம், உங்களுக்குக் குடும்பம் இருக்கு, பையன் பிளஸ் டூ, அலைச்சல் வேண்டாமேன்னுதான், என்றார். என் குடும்பத்தின் மேல் அவருக்கு எவ்வளவு கரிசனம்.

ஆமாம், வயிறு எரிகிறது. எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள்.

அறிக்கை அனுப்பியாயிற்று. சிஸ்டம் மெதுவாக இருந்தது. எஞ்சின் விஷயத்தை ஏற்ற முடியவில்லை. திங்களன்று பார்க்கலாம்.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவன் வந்து, இல்லாத பார்ட்டைச் சொல்லி, நான் அவனைத் திட்டி, ஆபீஸுக்கு லேட்.

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, இந்த பிளேனப் பத்தி ஒங்கள விட யாருக்குத் தெரியும்? நா எதயும் கோட்டை விட்டுறக் கூடாது. ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். முன் சக்கரக் குழியில் குருவி கூடு கட்டியதைச் சொன்னேன். வெயில் பட்டு ஜன்னலோர ஸீட் உறைகள் வெளுத்ததைச் சொன்னேன். காபி குடிப்பதற்கு முன்னால் மார்த்தாவிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பதுவரை சொன்னேன். தொண்டை வறண்டுவிட்டது. அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருந்தாள், நல்ல பிள்ளை மாதிரி.

எஞ்சின் விஷயம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வந்தது, அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தலைவலி. லீவு.

பிப்ரவரி 20, வியாழன்

அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. கடிதமே வராத ஒரு விஷயத்தை நான் எதை வைத்து ஏற்றுவது? நாளைக்கு ஒன்றென்றால் வேதவல்லி ஏன் அவசரப்பட்டாள் என்பார்கள். வரட்டும். மார்த்தாதான் மாற்றிவிடுகிறேன் என்றாளே.

மயூராக்காரர்கள் தேதியை நான்கு நாள் முன்னால் இழுத்துவிட்டார்கள். ஜெசிந்தா ஞாயிற்றுக்கிழமையே கிளம்புகிறாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர் கேட்டார், "என்ன, அந்தப் பொண்ணு மேல பொறாமையா?" என்று. எனக்கென்ன பொறாமை என்றேன். ரசத்தில் உப்பில்லை என்று அடுத்ததாகச் சொன்னார். உப்பு ஜாடியை அவர் முன்னால் நகர்த்திவிட்டு எழுந்தேன்.

பிப்ரவரி 22, சனி

ஜெசிந்தா வீட்டுக்கே வந்துவிட்டாள். அங்கே குளிராம், அவளிடம் ஸ்வெட்டர் இல்லையாம், தூத்துக்குடியில் ஸ்வெட்டருக்கு எங்கே போவது என்று சிரிக்கிறாள். உட்கார்ந்து காபி குடித்தாள். அவள் வீட்டில் எல்லாரிடமும் மார்ச்சில் வேலை நிரந்தரமாகிவிடும் என்று சொல்லியாயிற்றாம். அவள் அம்மா மாதா கோயிலில் நேர்ந்துகொண்டிருக்கிறாளாம்.

இவர் உள்ளே போய், தம்முடைய நல்ல ஸ்வெட்டரை எடுத்து வந்து கொடுத்தார். அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டரை. கொடைக்கானலில் நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது, கழுத்து லூஸாகிவிடும் என்று எனக்குத் தராத ஸ்வெட்டர். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

வாசல்வரை போய் அனுப்பினேன். "அக்கா, வேற எதுவும் சொல்லணுமா?" என்று படியிறங்கும்போது கேட்டாள். பத்திரமாகப் போய்விட்டு வா என்றேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

போய்ச் சேர்ந்துவிட்டாள். குரூப்பில் படம் போட்டிருக்கிறாள். இவருடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு முந்நூற்றுப் பதினேழின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். எத்தனை வருஷம் படத்திலேயே பார்த்திருக்கிறேன், அது அவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அதன் சக்கரத்தைவிடக் கொஞ்சம்தான் உயரமாக இருக்கிறாள். பின்னால் வானம் அப்படி ஒரு நீலம். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அந்தக் கை என் கையாக இருந்திருக்க வேண்டும்.

படத்தில் இடது எஞ்சின் தெரிந்தது. உறையை எடுத்துவிட்டார்கள். மாற்றியிருப்பார்கள். மாற்றாமலும் இருந்திருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான்.

போனை எடுத்தேன். அங்கே சாப்பாட்டு நேரமாக இருக்கும். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வைத்துவிட்டேன். படத்துக்குக் கட்டைவிரல் மட்டும் போட்டேன்.

நாளைக்குக் கையெழுத்து. போட்டுவிட்டால் அந்தப் பழுதான எஞ்சினை நல்லது என்று நம் கம்பெனி சார்பில் அவள் எழுதிக் கொடுத்ததாக ஆகும். நம்முடையதை மாட்டிக்கொண்டு முந்நூற்று இருபத்திரண்டு பறந்துவிட்டால், திருப்பி வாங்க வக்கீல் வைக்க வேண்டியதுதான். அவள் வேலை போகும். ஆனால் படித்தவள், எஞ்சினியர், அவளுக்குத் தெரியாதா? நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பையனுக்கு நாளை கெமிஸ்ட்ரி ரிவிஷன். ஒன்றும் படிக்கவில்லை.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. விரதம். பழம் மட்டும்.

மதியம் ரங்கராஜ் சார் அவசரமாகக் கூப்பிட்டார். அறையில் அயர்லாந்துக்காரர்கள் திரையில் இருந்தார்கள், ஸ்பெயினிலிருந்து ஜெசிந்தா. காற்றுச் சத்தத்தில் அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. இடது எஞ்சினைத் திறக்கச் சொல்லித் தகட்டைப் பார்த்திருக்கிறாள். வேறு கம்பெனியின் பெயர். நம் எஞ்சினை மாட்டிக்கொண்டு முந்நூற்று இருபத்திரண்டு மறுநாள் காலை கிளம்புவதாக இருந்ததாம். அதைத் தடுத்து நிறுத்தியாயிற்று. இரண்டையும் மாற்றி மாட்டச் சொல்லியிருக்கிறாள்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இப்போது என்னைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"வேதாக்கா போன வாரமே சொல்லி விட்டாங்க சார், இடது எஞ்சினத் தொறந்து பாக்கச் சொல்லி. இல்லன்னா நா தாளப் பாத்துக் கையெழுத்து போட்டிருப்பேன்" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் அறிக்கையில் இல்லை என்று ஒரு அயர்லாந்துக்காரர் கேட்டார். அதற்கும் அவளே பதில் சொன்னாள், கடிதம் வராமல் எழுத வேண்டாம் என்று அக்கா நினைத்திருப்பார்கள் என்று. நான் இந்த டைரியில் எழுதி வைத்திருப்பதைப் படித்தவள் மாதிரி அப்படியே சொன்னாள்.

ரங்கராஜ் சார் என் தோளில் தட்டாத குறை. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

கோயிலுக்குப் போகவில்லை. விரதத்தை முடித்துக்கொண்டு இட்லி சாப்பிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

முந்நூற்றுப் பதினேழு வந்தது.

ஆபீஸ் மொட்டை மாடியில் எல்லாரும் ஏறி நின்றோம். பரங்கிமலைப் பக்கம் முதலில் விளக்கு தெரிந்தது, பிறகு ஊதா வால். ஆபீஸே கத்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருஷம் நின்ற இடத்திலேயே நின்றது, இவ்வளவு அழகாகப் பறக்கிறது.

உள்ளே ஏதோ ஒரு ஜன்னலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்ததும் கண்ணீர் நின்றுவிட்டது.

மார்ச் 6, வியாழன்

ஜெசிந்தா ஆபீஸுக்கு வந்தாள். ஸ்வெட்டரைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். எனக்கு ஒரு டப்பா பாதாம் மிட்டாய். கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் மூலை மேசையில் உட்காரவைத்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நா போயி எறங்குனதும் மார்த்தா சொல்லிட்டாங்கக்கா. வேதாட்ட அப்பவே சொல்லிட்டேன், ஒன்ட்ட சொல்லியிருப்பாளேன்னாங்க. அந்தப் பொம்பள முன்னால நம்ம ஆபீஸ விட்டுக் குடுக்க முடியுமா? ஆமா, சொன்னாங்கன்னுட்டேன். அங்க ஒண்ணு சொல்லிட்டு சார்ட்ட வேற சொல்ல முடியல" என்றாள்.

நான் மிட்டாய் டப்பாவைத் தள்ளி வைத்தேன்.

"நீங்க மறந்திருப்பீங்க" என்றாள்.

தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அதற்குத்தான் அவள் வழி விட்டுக் கொடுத்தாள். ஆனால் அந்த விட்டுக்கொடுத்தலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மறக்கல" என்றேன்.

"தெரியும்க்கா. டீயக் குடிங்க, ஆறுது."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். எனக்கும் நாலு வார்த்தை கைவசம் இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் திரையிலேயே போட்டுக் கொடுத்து மானத்தை வாங்கியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

ரங்கராஜ் சார் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அடுத்த விமானம் முந்நூற்று நாற்பது, மே மாதம். நான் போகிறேன். அயர்லாந்திலிருந்தே என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். விசாவுக்குத் தாள்களைத் தயார் செய்யச் சொன்னார்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். ஜெசிந்தாவின் நிரந்தரத்தை ஆறு மாதம் தள்ளிவைத்துவிட்டார்களாம். நீங்கள் சொல்லியிராவிட்டால் அவள் தாளைப் பார்த்தே கையெழுத்துப் போட்டிருப்பாள், அவள் வாயாலேயே சொன்னாளே, சுயமாகப் பார்க்கத் தெரியாதவளை எப்படி நிரந்தரமாக்குவது, என்றார்.

நான் பெருசா ஒண்ணும் செய்யலியே சார் என்றேன். அதுதான் மேடம் உங்க குணம், என்று சிரித்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன். அவர் புரிந்துகொள்ளாததற்கு நானா பொறுப்பு?

வீட்டுக்கு வந்து சொன்னதும் பையன் குதித்தான். இவர் வடபழனி போய் ஜாங்கிரி வாங்கி வந்தார். ஸ்வெட்டர் இந்தத் தடவை எனக்குத்தானாம்.

மார்ச் 10, திங்கள்

ஜெசிந்தாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். பாத்ரூமில் ரொம்ப நேரம் இருந்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மதியம் அவளாகவே நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, ஸ்பெயினில் எங்கே தங்க வேண்டும், எந்த மூடியைத் திறக்கச் சொல்ல வேண்டும், எங்கே ஏமாற்றுவார்கள் என்று எல்லாம் சொன்னாள். திரும்பி வரும்போது இடது பக்கம் உட்காரச் சொன்னாள், கடலும் மலையும் அங்கேதான் தெரியுமாம். எதையும் மறைக்கவில்லை. நடுவில் அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள்.

எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. பறந்ததற்காக இல்லை. அந்த மாதிரி ஒரு மனசை எனக்கு யாரும் கொடுக்கவில்லையே என்று.

மார்ச் 11, செவ்வாய்

குக்கர் விசில் போடவில்லை. சோறு குழைந்துவிட்டது. பையன் கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். ஸ்பெயினில் மே மாதம் குளிருமா என்று இவர் கேட்டார். தெரியாது என்றேன்.

மார்ச் 12, புதன்

காலையில் ரங்கராஜ் சார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இந்தத் தடவை அவர் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாதபடி சொன்னேன். "நான் அவகிட்ட சொல்லவே இல்ல சார். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல. அவளா கண்டுபிடிச்சா. என்னைக் காப்பாத்தத்தான் நான் சொன்னதாச் சொன்னா."

மார்த்தாதான் அவளுக்குச் சொன்னாள் என்பதை நான் சொல்லவில்லை. அவளாகத் திறந்து பார்த்ததாகவே இருக்கட்டும்.

அவர் ஏன் என்று கேட்டார். பொறாமை சார் என்றேன். அந்த வார்த்தையைக் கேட்டு அவர் என்னைவிட அதிகமாகக் கூச்சப்பட்டார். பேனாவை மூடினார், திறந்தார். அயர்லாந்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார். எழுதுங்கள் என்றேன்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். முந்நூற்று நாற்பதும் என் மேசையிலிருந்த மற்ற விமானங்களும் கைமாறுகின்றன. இனி பழைய தாள்களைச் சரிபார்க்கும் பிரிவு. ஜெசிந்தா நிரந்தரம். மே மாதமும் அவள்தான் போகிறாள்.

சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவள் மறுபடி பறப்பாள், மறுபடி இடது பக்கம் உட்கார்ந்து கடலும் மலையும் பார்ப்பாள், நான் மொட்டை மாடியில் நிற்பேன். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, நேற்றைவிட ஜாஸ்தியாக.

ஆனால் போன வாரமெல்லாம் அவள் எதிரே உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு இறங்கியது. என் டப்பாவிலிருந்து புளியோதரையைப் பாதிக்கு மேல் அவளே எடுத்துக்கொண்டாள். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.